மருமகனின் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போனேன்

அன்பின் மருமகன் மஜீடுக்கு, கல்முனைக்குடி ஆணிக்கடை மாமா அச்சிமுகம்மது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மாமி ஹாஜறாவும் சுகம். சுகமில்லாதது நீ செய்த சாமான் மட்டுந்தான். போனில் சொன்னால் குறுக்கே விழுந்து விளக்கம் சொல்கிறாய், அதனால் கடிதம்.

சண்டை ஓய்ந்து கொழும்பு முதலாளிமாரெல்லாம் எங்கள் பக்கம் யாவாரம் தேடி வருகிற நேரத்தில், நீ தமிழில் ஒரு கடைக்கணக்கு மென்பொருள் செய்திருக்கிறாய் என்றும், அதை விற்பனைக்கு விடுமுன் கம்ப்யூட்டர் தெரியாத கடைக்காரர் ஒருவர் இங்கிருந்தபடியே உன் அலுவலகக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து பாவித்துப் பார்க்க வேண்டும் என்றும், அது சரிவந்தால்தான் உன் வேலை நிரந்தரம் என்றும் உன் உம்மா, என் கூடப்பிறந்த ராத்தா, அழாக்குறையாகச் சொன்னா. கம்ப்யூட்டர் தெரியாத ஆள் என்றால் என்னை விட்டால் யார்? சுனாமிக்குப் பிறகு ஒரு நிறுவனம் தந்த கம்ப்யூட்டரைச் சீலை போட்டு மூடித்தானே வைத்திருந்தேன்.

நீ போனில் சொல்லிக்கொடுத்தபடி நுழைந்து, போனை வைத்துவிட்டு ஸலாம் சொன்னேன். அம்பு மாதிரி ஒன்று தானாக நகர்ந்தது. நீயும் கொழும்பில் தங்கியிருக்கிற அறையில் இருந்தபடி அதற்குள் வந்து அசைக்கிறாய் என்று விளங்கி, மரியாதைக்குக் கையை எடுத்துவிட்டேன். மாமா தொடட்டும் என்று நீயும் எடுத்துவிட்டாயாம். மத்தியானம் லுஹர் பாங்கு சொல்லும்வரை இரண்டு பேரும் அந்த அம்பைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறோம். தொழப் போகுமுன், அடுத்தவன் கரண்டை வீணாக்கக் கூடாதே என்று உன் கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைத்துவிட்டுப் போனேன். அணைத்ததை அங்கே போய்த்தான் போடலாமாம், பௌர்ணமிப் போயா லீவு நாளில் நீ ஓட்டோ பிடித்து அலுவலகம் போய் அதைத் திரும்பப் போட்டாயாம். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் போகும்போதும் அணைத்தேன், நீ மறுபடியும் ஓட்டோ பிடித்தாய். பிள்ளை ஏன் இப்படி அலைகிறான் என்று எனக்கு விளங்கவேயில்லை.

மறுநாள் கடையில் இருக்கும் ஆணி, கம்பி, தாழ்ப்பாள் எல்லாம் பதியச் சொன்னாய், பதிந்தேன். முடிவில் அது "நிச்சயமாகவா?" என்று கேட்டது. மாமியிடம் கேட்டேன்.

"பெட்டியில எழுதின அளவுக்கு ஆணி இரிக்குமோ தெரியா. நிச்சயம் எண்டு எப்பிடிச் சொல்ற? பொய்ச்சத்தியம் வேணாம், இல்லையெண்டு அமத்துங்க" என்றா.

யாவாரி சத்தியம் பண்ணக் கூடாதுதானே. "இல்லை" என்று அழுத்தினேன். பதிந்ததெல்லாம் மாயமாகிவிட்டது. திரும்பப் பதிந்தேன், திரும்பக் கேட்டது, திரும்பவும் உண்மையைச் சொன்னேன். உண்மை சொல்கிறவனுக்கு ஒரு ஆணிகூட மிஞ்சாத கடை இது, மகன்.

ஆகையால் வெட்கப்படாமல் முதலாளியிடம் போய், இது இன்னும் வேகவில்லை என்று சொல்லிவிடு. இதை விற்றால் சந்தைக்கடைகள் எல்லாம் வெறுங்கடையாகி உன் பேர் கெட்டுவிடும். அதை நினைத்தால் எனக்கு நித்திரை வருகுதில்லை. உன் அறைப் பிள்ளைகளுக்கும் ஸலாம் சொல். அல்லாஹ் உன் அறிவிலும் வருமானத்திலும் பரக்கத் செய்வானாக.

உன் நன்மையையே நாடும்,
மாமா அச்சிமுகம்மது

பி.கு.: கடைசியில் அது, சாமான் எப்படி என்று கேட்டு மூன்று முகத்தைக் காட்டி ஒன்றை அழுத்தச் சொன்னது. நான் சிரிக்கிற முகத்தை அழுத்தினேன். என் ராத்தாவின் பிள்ளை பாடுபட்டுச் செய்ததை அழுகிற முகத்தால் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு உப்பில்லை என்று சொல்கிற ஆட்களா நாம்? இந்தக் கடிதத்தை ஒட்டப் போகையில் உன் முதலாளி எனக்குப் போன் எடுத்தார். என் சிரித்த முகத்தை நம்பி இன்றைக்கே விற்பனைக்கு விட்டாயிற்றாம், உன் வேலையும் நிரந்தரமாம். கல்முனைக் கடைக்காரர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க என்னையே போட்டிருக்கிறாராம். அவரிடமும் மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதலாவது வகுப்பு. அதற்குமுன் அதை நானே எப்படித் திறப்பது என்று மட்டும் சொல்லித்தா.