சாயத்தண்ணியும் சத்து மாத்திரையும்

பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை எதை வேண்டுமானாலும் பேசலாம். காலைக்கடனைப் பற்றி மட்டும் பேசக்கூடாது. நான் அதை மட்டும்தான் பேசினேன்.

அப்போது தலவாக்கலையில் ஒரு செல்போன் கடையில் வேலை. எந்நேரமும் களைப்பாக இருக்கிறதென்று டாக்டரிடம் போனேன். இரத்தம் குறைவு என்று, இரும்புச்சத்து சேர்ந்த விட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு நாளைக்கு ஒன்று, தேநீரோடு வேண்டாம் என்றும் சொன்னாராம். (நான் அப்போது சுவர்க் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.) எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் காய்ச்சல் மாத்திரையிலிருந்து பூச்சி மாத்திரை வரை எல்லாமே சாயத்தண்ணியோடுதான் உள்ளே போகும். பால் சேராத அந்தத் தேநீர் இல்லாமல் மாத்திரை விழுங்கிய மனிதரை நான் கண்டதில்லை.

அந்த நேரம் பார்த்துக் கொட்டகலையில் பெண் பார்க்க நாள் குறித்தார்கள். பெண்ணின் படத்தைப் பார்த்தேன். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். இந்த வெளிறிய மூஞ்சியை வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம் பிடித்துக்கொண்டது. யாரையும் கேட்காமல் இன்னொரு சத்து மாத்திரைப் போத்தல் வாங்கினேன். காலையில் டாக்டருடையது, மாலையில் என்னுடையது. இரண்டுக்கும் சாயத்தண்ணி.

மூஞ்சி அப்படியே இருந்தது. வயிறுதான் பிசைந்தது. பெண் பார்க்கப் போகும் அன்று காலை கழிவறையில் குனிந்து பார்த்தேன். கரி நிறம். செல்போனில் தேடினேன், அது இரைப்பையில் இரத்தக் கசிவு என்று தொடங்கி, என்னை அடக்கம் செய்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

பஸ்ஸில் அம்மா பூத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக வந்தார். பக்கத்தில் நான், என் சாவு வீட்டுக்கு யார் யார் வருவார்கள் என்று யோசித்துக்கொண்டு போனேன். ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்கக்கூடாது, உண்மையைச் சொல்லி விலகிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். என் தியாகத்தை நினைத்து எனக்கே அழுகை வந்தது.

பெண்ணின் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். ஊற்றி வைத்த தேநீரின் நிறத்தைப் பார்த்தே தரம் சொல்லிவிடுவாராம். பெரியவர்கள் உள்ளே இருக்க, என்னையும் மகள் சுதாவையும் பேசச் சொல்லி வீட்டுக்குப் பின்னால் இருந்த கோவா பாத்திக்கு, அதுதான் முட்டைக்கோஸ் பாத்திக்கு, அனுப்பினார்கள்.

"நீங்க வேற நல்ல எடமா பாத்துக்கங்க. நான் ரொம்ப நாளைக்கு இருக்க மாட்டேன்" என்றேன்.

"வெளிநாடு போறீங்களா?"

"இல்லங்க. மேல."

அவள் முகம் வாடிவிட்டது. உடம்புக்கு என்ன வருத்தம் என்று கேட்டாள். இனி மறைக்க முடியாது. கோவாவைப் பார்த்தபடியே காலையில் கண்டதைச் சொன்னேன். அந்தக் கோவாவுக்குக்கூட வெட்கமாக இருந்திருக்கும்.

"இரும்புச்சத்து மாத்திரை ஏதும் போடுறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ரெண்டு வகை."

"எதோட?"

"சாயத்தண்ணியோட."

அவ்வளவுதான், சிரிக்கத் தொடங்கினாள். அவளும் ஒரு காலத்தில் அதே மாத்திரை போட்டவளாம். அது போட்டால் அப்படித்தான் கறுக்கும், தேநீரோடு போட்டால் சத்து உடம்பில் சரியாகச் சேராது, கேட்காமல் இரண்டைச் சேர்த்துப் போடுவது ஆபத்து, எதற்கும் நாளைக்கே டாக்டரிடம் போய்க் காட்டுங்கள் என்று சிரிப்புக்கு நடுவே சொல்லி முடித்தாள். நாங்கள் உள்ளே போனபோது, புள்ளைகளுக்குப் புடிச்சுப்போச்சு என்று அவள் அப்பா தட்டையே மாற்றிவிட்டார். சாகக் கிடந்தவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

மறுநாள் டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, கசிவு ஒன்றும் இல்லை என்றார். என் போத்தலைப் பறித்து வைத்துக்கொண்டார். இரும்புச்சத்து அளவு மீறினால் ஈரலே கெட்டுப்போகும் என்று அவர் திட்டியபோது, முதல் தடவையாக நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

கோவா பாத்திக்கு நேர் மேலே சமையலறை ஜன்னல் இருந்தது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் தட்டை மாற்றியிருக்கிறார். இன்றும் கொட்டகலைக்குப் போனால் எல்லாருக்கும் தேநீர் வரும், எனக்கு மட்டும் முதலில் ஒரு கிளாஸ் சுடுதண்ணீர். வீடு நிறைய ஆட்கள் இருந்தாலும் மாமா விடமாட்டார். தொழிற்சாலையில் தேநீரைச் சோதிக்கும் அதே முகத்தோடு என் பக்கம் குனிந்து கேட்பார்:

"மாப்ள, இப்ப கலர் எப்பிடி?"