அறுபத்து நாலு ஜோடிக் கறுப்பு ஷூ

திரையில் அறுபத்து நான்கு பேருடைய கால் அளவும், முதல் படியில் ஒன்று, கடைசிப் படியில் பத்து என்று படிக்கட்டுபோல் வரிசையாக நின்றன. பட்டியலார் அதைச் சற்று நேரம் ரசித்தார். பிறகு சேமிக்கும் பொத்தானை அழுத்தி, கோப்பை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். திரும்பி வந்து திறந்தபோதுதான் விஷயம் உறைத்தது. அளவுகள் மட்டும் இடம் மாறியிருந்தன. பெயர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அதாவது, யார் காலும் யாரிடமும் இல்லை.

பட்டியலார் என்பது அவருக்குத் தொழிற்சாலை வைத்த பெயர். அட்டைப்பெட்டி செய்யும் அந்த இடத்தில் ஸ்டோர் அவர் பொறுப்பு. பசை டின்னிலிருந்து பல்பு வரை எல்லாவற்றுக்கும் பட்டியல் வைத்திருப்பார். என்னென்ன பட்டியல் இருக்கிறது என்பதற்கும் ஒரு பட்டியல் உண்டு. ஐம்பத்திரண்டு வயதில் அவரை மேனேஜர் ஒரு சனிக்கிழமை வகுப்பில் சேர்த்துவிட்டிருந்தார். கணினி மென்பொருளோடு புள்ளியியல் அறிமுகம்.

"கோர்ஸை முடிங்க. கத்துக்கிட்டதை இங்க ஒரு வேலைல செஞ்சு காட்டுங்க. திட்டப் பிரிவு நாற்காலி உங்களுக்குத்தான். இல்லேன்னா வெளியிலேருந்து ஆள் எடுக்கச் சொல்றாங்க" என்றார் மேனேஜர்.

அந்த ஒரு வேலை தானாகவே வந்து சேர்ந்தது. பெட்டி வாங்கும் கம்பெனிக்காரர்கள் ஆய்வுக்கு வருகிறார்கள். அன்று இயந்திரக்கூடத்தில் எல்லோரும் மூடிய கறுப்பு ஷூ போட்டிருக்க வேண்டும். ஷூவை நிர்வாகமே கொடுக்கும். பட்டியலார் ஆளுக்கொரு சீட்டு கொடுத்து அளவை எழுதி வாங்கினார், மென்பொருளில் ஏற்றினார், சீட்டுகளைக் கழிவுத் தாளோடு கூழ் இயந்திரத்தில் போட்டார். எந்தக் காகிதத்தையும் வீணாக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

கூழைப் பார்த்து அளவு படிக்க முடியாது. திங்கட்கிழமை மதியத்துக்குள் ஆர்டர் போக வேண்டும். அன்று வியாழன்.

பட்டியலார் கலங்கவில்லை. வரிசைப்படுத்தும்போது பக்கத்து விவரங்களையும் சேர்த்தே நகர்த்த வேண்டும் என்று வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. இந்தத் தடவை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துப் பெயர்களை அகர வரிசையில் அடுக்கினார். பெயர் நகர்ந்தது. அதோடு ஒட்டிக்கொண்டிருந்த தப்பான காலும் கூடவே நகர்ந்தது. முன்பாவது தப்பு வரிசையாக நின்றது. இப்போது அந்த ஒழுங்கும் போய்விட்டது.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவர் ஒரு பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுப்பவர். நாள் முழுக்க வலியில் துடிப்பவர்களைப் பார்த்துப் பார்த்து, மற்றதெல்லாம் அவருக்கு வலியாகவே தெரியாது.

"சீட்டுதானே கூழாச்சு? அவங்க கால் எல்லாம் அங்கயேதானே இருக்கு? போய்க் கேளுங்க."

"ஒரு தடவை கேட்டதை மறுபடி கேட்டா என்னன்னு நினைப்பாங்க?"

"தொலைச்சுட்டீங்கன்னு நினைப்பாங்க."

"அதான் கேக்க மாட்டேன்" என்றார் பட்டியலார். "போன வாரம் ரெக்ரஷன் சொல்லிக் கொடுத்தாங்க. ஒண்ணு தெரிஞ்சா இன்னொண்ணை ஊகிச்சிடலாம். எல்லாரோட உயரமும் முதலுதவி அறை ரிஜிஸ்டர்ல இருக்கு. உயரம் இருந்தா கால் தானா வரும்."

"கால் இருந்தாத்தாங்க உயரம் வரும்" என்றார் மனைவி.

சனிக்கிழமை வகுப்பில் பட்டியலார் எழுந்து நின்று, எல்லோருடைய உயரமும் கால் அளவும் தமக்குத் தேவைப்படுவதாக அறிவித்தார். பாடமெடுக்கும் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். இத்தனை வாரத்தில் தாமாக ஒரு கேள்வியோடு வந்த முதல் மாணவர் இவர் என்பதால் முகம் மலர்ந்துபோனார். மாணவர்கள் இருபத்திரண்டு பேரும் சுவரோடு நின்றார்கள், செருப்பைக் கழற்றினார்கள், ஸ்கேல் மேல் கால் வைத்தார்கள். ஜன்னலைத் திறக்க வேண்டியதாயிற்று.

எண்களை ஏற்றிப் பொத்தானை அழுத்தியதும் புள்ளிகள் எறும்புச் சாரிபோல் மேல்நோக்கி ஏறின. ஒட்டுறவு பூஜ்யம் புள்ளி எட்டு ஏழு. ஒன்றை நெருங்க நெருங்க உயரமும் காலும் கைகோத்துப் போகின்றன என்று அர்த்தம்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு சார்" என்றார் அந்தப் பெண். "ஆனா இது ஊகம்தான். நிஜத்துக்குப் பக்கத்துல நிக்கும். அது மேலேயே உக்காரும்னு சொல்ல முடியாது."

பட்டியலாருக்கு முதல் வாக்கியம் போதுமாக இருந்தது.

ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தார். முதலுதவி அறை ரிஜிஸ்டரில் அறுபது பேருடைய உயரம் அடியும் அங்குலமுமாக இருந்தது. புதிதாகச் சேர்ந்த நான்கு பேருடையது மட்டும் இல்லை. விவரம் இல்லாத இடத்தில் 999 என்று போடச் சொல்லியிருந்தார்கள், போட்டார். அது வெறும் அடையாளம்தான், உயரம் இல்லை என்று மென்பொருளிடமும் சொல்லிவைக்கச் சொல்லியிருந்தார்கள். அதை மறந்துவிட்டார்.

"நம்ம தொழிற்சாலையோட சராசரி உயரம் அறுபத்தேழரை அடின்னு வருது" என்றார் பட்டியலார்.

காய்ந்த துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "கூரை தாங்குமா?"

"இந்த நாலு பேர்தான் கெடுக்கறாங்க. தெரியாத இடத்துல சராசரியையே போட்டுக்கலாம்னு ஒரு வழி இருக்கு." நால்வருக்கும் ஆளுக்கு அறுபத்தேழரை அடி போட்டார். "இப்ப ஒன்பதே கால் அடி."

"பரவாயில்லையே. இன்னும் ரெண்டு தடவை போடுங்க, மனுஷ அளவுக்கு வந்துடுவாங்க."

உண்மையிலேயே இன்னொரு தடவை போட்டார். ஐந்தரை அடியைக் கொஞ்சம் தாண்டி வந்து நின்றது. இப்படி வருவது சரியில்லை என்று அவருக்கே தோன்றியதால் நால்வரையும் அழித்துவிட்டு, மற்ற அறுபது பேருக்குக் கால் அளவை ஊகிக்கச் சொன்னார். வந்த பட்டியலில், சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுநருக்கு ஐந்தாம் நம்பர் ஷூ. ஸ்டோர் கதவில் குனிந்து நுழைகிற ஆள் அவர். அவரைவிட நாலு விரல் குள்ளமான காவலாளிக்கு எட்டு.

பட்டியலார் தலையில் கை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். மனைவி பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"ஓட்டுறவருக்கு என்ன உயரம் போட்டிருக்கீங்க?"

"அஞ்சடி பதினொண்ணு. அஞ்சு புள்ளி ஒண்ணு ஒண்ணு."

"காவலாளிக்கு?"

"அஞ்சடி எட்டு. அஞ்சு புள்ளி எட்டு."

"அதுக்கு அடி அங்குலமெல்லாம் தெரியுமா? அஞ்சு புள்ளி எட்டு பெருசு, அஞ்சு புள்ளி ஒண்ணு ஒண்ணு சின்னதுன்னுதானே எடுத்துக்கும்?"

அவர் கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி துணி மடிக்கப் போனார். பட்டியலார் அறுபது உயரத்தையும் ஒவ்வொன்றாகச் சென்டிமீட்டருக்கு மாற்றினார். ஆணுக்குத் தனிக் கோடு, பெண்ணுக்குத் தனிக் கோடு போட்டார். ஓட்டுநருக்குப் பத்து வந்தது, காவலாளிக்கு எட்டு. இரண்டையும் பார்த்து, முன்பே தெரிந்ததுபோல் தலையசைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை புது ஆட்கள் நால்வரையும் சுவரோடு நிறுத்தி டேப்பால் அளந்தார்.

"ஷூவுக்கு எதுக்கு சார் உயரம்?" என்று கேட்டான் ஒருவன்.

"அதெல்லாம் புள்ளியியல். சொன்னா நாளாகும்."

மதியத்துக்குள் ஆர்டர் போனது. வெள்ளிக்கிழமை அறுபத்து நான்கு பெட்டிகள் வந்திறங்கின. ஒவ்வொன்றின் மேலும் பெயர் ஒட்டி, பட்டியலார் ஸ்டோர் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தார். இப்படியொரு நிம்மதி அவருக்கு நெடுநாளாக வாய்த்ததில்லை.

முதலில் வந்தவர் வெட்டும் இயந்திரத்தில் வேலை செய்யும் அக்கா. மூடியைத் திறந்து, ஷூவைப் புரட்டி, அடியிலிருந்த நம்பரைப் பார்த்தார்.

"சார், இது இல்லியே."

"என்ன இல்ல?"

"நான் குடுத்த அளவு இது இல்ல."

"போட்டுப் பாத்தியாம்மா?"

"போட வேற வேணுமா? பாத்தாலே தெரியுதே."

அடுத்தவரும் நம்பரைப் பார்த்தார், தலையை ஆட்டினார். அதற்கடுத்தவரும் அப்படியே. ஓட்டுநர் பெட்டியைத் திறந்து உள்ளே ஒரு பார்வை பார்த்து, பெருமூச்சு விட்டு மூடினார். கால் மணி நேரத்தில் மேசையைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"இதோ பாருங்க" என்றார் பட்டியலார், குரலை உயர்த்தாமல். "இது கண்ணை மூடிக்கிட்டு வாங்கினது இல்ல. தொண்ணூத்தஞ்சு சதவீதம் நம்பிக்கையோட கணக்குப் போட்டு வாங்கினது. எந்தக் கணக்கிலயும் ஒரு அஞ்சு சதவீதம் முன்ன பின்ன இருக்கத்தான் செய்யும்."

"அந்த அஞ்சு சதவீதம் நாங்க அறுபத்து நாலு பேருமா சார்?" என்றார் அக்கா.

அதற்குப் பட்டியலாரிடம் சூத்திரம் இல்லை. ஆனால் யோசனை இருந்தது. ஒருவருக்குப் பெரியது இன்னொருவருக்குச் சரியாக இருக்குமல்லவா? தங்களுக்குள் மாற்றிக்கொள்ளச் சொன்னார். அரை மணி நேரம் கூடமே சந்தையானது. ஒருவரும் தேடியதைக் கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் பெட்டிகளில் பதினொன்றில் வலது ஒரு நம்பரும் இடது ஒரு நம்பருமாகக் கிடந்தன. வேலை முடியும் மணி அடிக்கும்வரை பட்டியலார் தரையில் உட்கார்ந்து அவற்றை ஜோடி சேர்த்து, பெயர் பார்த்து, அவரவரிடமே திரும்பக் கொடுத்தார்.

கடைக்காரருக்குப் போன் செய்தார். "பெட்டியைத் திறந்துட்டீங்கல்ல? திறந்ததைத் திரும்ப வாங்க மாட்டோம் சார்."

மேனேஜரிடம் போனார். அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "திங்கக்கிழமை ஆய்வு. அந்த ஒரு நாள் எல்லார் கால்லயும் கறுப்பு ஷூ இருக்கணும். கடிக்குதா, கழலுதான்னு யாரும் வந்து பாக்கப் போறதில்ல. போடச் சொல்லிடுங்க."

அந்தச் சனிக்கிழமை பட்டியலார் வகுப்பின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். ஷூ விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்ட பாடமெடுக்கும் பெண்ணிடம், வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் வந்து வாசலில் நின்றார். நொண்டி நொண்டி வருவார்கள் என்று பயந்திருந்தார். ஒருவரும் நொண்டவில்லை. அக்கா கறுப்பு ஷூவில் விறுவிறுவென்று வந்து அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு இயந்திரத்துக்குப் போனார். ஓட்டுநர் இரண்டிரண்டு படியாக ஏறினார். யாரும் பட்டியலாரின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. வலியை மறைக்கிறார்கள் என்று புரிந்துகொண்டார். இருபத்தாறு வருடம் கூடவே வேலை செய்தவர்கள். மானம் காக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

ஆய்வுக்காரர்கள் மூன்று மணி நேரம் சுற்றினார்கள், கால்களைப் பார்த்தார்கள், டிக் அடித்தார்கள், போனார்கள். மேனேஜர் நேராக ஸ்டோருக்கு வந்து பட்டியலாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஒரு குறைகூட எழுதல. அடுத்த மாசத்துலேருந்து திட்டப் பிரிவு உங்களுது."

பட்டியலார் கையை விடுவித்துக்கொண்டார். "கொஞ்சம் கூடத்துக்கு வரீங்களா சார்?"

தேநீர் இடைவேளை. எல்லோரும் பலகைகளில் உட்கார்ந்திருந்தார்கள். பட்டியலார் நடுவில் போய் நின்றார். பேச்சு அடங்கியது.

"நீங்க எழுதிக் குடுத்த அளவை நான் தொலைச்சுட்டேன்" என்றார். "திரும்பக் கேக்க கௌரவம் பாத்தேன். உங்க உயரத்தை வச்சுக் கம்ப்யூட்டர்ல கால் அளவை ஊகிச்சு வாங்கினேன். அது பொய்த்துப்போச்சு. அதைப் போட்டுக்கிட்டு நீங்க இன்னிக்கு முழுக்க எனக்காக நடந்தீங்க." மேனேஜர் பக்கம் திரும்பினார். "ஒரு ஷூ அளவைக்கூடச் சரியாச் சொல்லத் தெரியாதவன் திட்டம் போடக் கூடாது சார். அந்த நாற்காலிக்கு வெளியிலேருந்தே ஆள் எடுங்க. சனிக்கிழமை வகுப்பையும் நிறுத்திடறேன்."

பலகைகளில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓட்டுநர் டம்ளரைப் பார்த்தார். அக்கா கூரையைப் பார்த்தார்.

ஓரமாகத் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற துப்புரவு அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"சார், ஷூ எங்க எல்லாருக்கும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு, அடுத்த வாரம் ஸ்கூல் திறக்குதேன்னு நாங்க எழுதிக் குடுத்ததுதான் எங்க பிள்ளைங்க அளவு."