வயலினுக்குப் பின்னால் வந்த வசவு

நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதன் ஏங்குவதற்குக் கௌரவமான விஷயங்கள் எத்தனையோ உண்டு. நான் ஏங்குவது, நான்காம் வகுப்பில் பார்த்த ஒரு நகைச்சுவைப் படத்தின் பின்னணி இசைக்கு. பாடல்கள் கேசட்டில் வந்தன. பின்னணி இசை இன்றுவரை வெளிவரவில்லை. வெளியிடச் சொல்லி இணையத்தில் ஒரு குழுவே மன்றாடிக்கொண்டிருக்கிறது. (எல்லோரும் வேலைவெட்டி உள்ளவர்கள்தான். நம்புங்கள்.)

அதில் ஒரு வயலின் துண்டு. வெட்டியாய்த் திரியும் கதாநாயகன் மொட்டைமாடியில் கல்யாணக் கனவு காணும்போது வரும். அதை முனகிக்கொண்டே போனால் நல்லூர் பஸ் நெரிசல்கூட மேகத்துக்குள் மிதப்பதுபோல் இருக்கும். கனவு உச்சிக்குப் போனதும் அவன் அப்பா தட்டை வீசியெறிந்து கத்துவார்: "தண்டச்சோறு! திங்கறதுக்கு மட்டும் மொத ஆளா வந்து நில்லு!"

தங்கை மகள் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை மேடையேறும்போது அந்த வயலின்தான் ஒலிக்க வேண்டும் என்று, தாய்மாமன் அதிகாரத்தில் முடிவுசெய்தேன்.

"சினிமாப் பாட்டே போதுமுங்ணா. மாப்ள ஊட்டுக்காரங்க சட்டுனு சங்கடப்பட்டுக்குவாங்க" என்றாள் தங்கை. நான் கேட்டால்தானே?

அந்தக் காட்சியின் ஒலியை மட்டும் எடுத்து, பேச்சை நீக்கும் செயலி ஒன்றில் போட்டேன். பனியன் கம்பெனியில் நான் தரப் பரிசோதகன். பெட்டியில் அங்கொன்று இங்கொன்றாகப் பீஸ் எடுத்துப் பார்ப்போம். சரியாக இருந்தால் மொத்த லாட்டும் பாஸ். இசையையும் அப்படியே தொடக்கத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம் கேட்டுப் பாஸ் செய்தேன்.

மண்டபத்தில் வயலின் எழுந்தது. மாப்பிள்ளை தரையில் கால் பாவாமல் வருவதுபோல் இருந்தது. பின்னால் அவர் வீட்டார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவர் மேடைப்படியில் கால் வைத்தார்.

படாரென்று தட்டு விழுந்தது. "தண்டச்சோறு! திங்கறதுக்கு மட்டும் மொத ஆளா வந்து நில்லு!"

மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏனுங்க, இதச் சொல்லத்தான் குண்டடத்துல இருந்து வரச்சொன்னீங்களா? யாரப்பா அங்க, வண்டிய எடுக்கச் சொல்லு."

தங்கை என்னைப் பார்த்தாள். எங்கள் தொழிலில் அந்தப் பார்வைக்கு 'ரிஜெக்ட்' என்று பெயர். அவள் மகள் மேடையில் மாலையைப் பிடித்தபடி உறைந்து நின்றாள்.

மாப்பிள்ளை மட்டும் காலை எடுக்கவில்லை. கைகூப்பி, படத்தில் கதாநாயகன் சொல்லும் அதே பதிலை அதே இழுவையில் சொன்னார்: "வந்து நின்னுட்டனுங்க. ரசம் இருக்குதுங்களா?"

மணப்பெண்தான் முதலில் சிரித்தாள். "அப்பா, டிவில போடறப்பெல்லாம் உழுந்து உழுந்து சிரிப்பீங்களே, அந்தப் படமுங்க" என்றார் மாப்பிள்ளை. "அட, அதாடா?" என்று பெரியவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். வண்டியை யாரும் எடுக்கவில்லை.

தாம்பூலம் மாற்றியதும் மாப்பிள்ளை என் காதருகே வந்தார். "ஏனுங்க, அந்த வயலின் மட்டும் தனியா வச்சிருக்கீங்களா?"

"இருந்திருந்தா எனக்கு இந்தக் கதி வருங்களா?"

இசை இன்னும் வெளியாகவில்லை. அவருக்கும் தங்கை மகளுக்கும் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையே பிறந்துவிட்டது. அந்த வயலினை முனகித்தான் தூங்கவைக்கிறார்கள். கண் சொருகும், மூடாது. முடிவில் யாராவது தட்டைப் போட்டுத் திட்ட வேண்டும். குடும்பம் கூடி அந்தப் பொறுப்பை எனக்கே கொடுத்திருக்கிறது. தினமும் வீடியோ காலில் தொண்டை கிழியத் திட்டுகிறேன். குழந்தை நிம்மதியாகத் தூங்கிவிடுகிறது. படிப்பு முடித்தும் வேலை கிடைக்காமல் இருக்கும் பக்கத்து வீட்டுப் பையனின் அம்மாதான் இப்போதெல்லாம் எங்களோடு பேசுவதில்லை.