மலைக்குடில் மனேஜர்

படத்தைக் கழற்றியதும் சுவரில் பளிச்சென்று ஒரு வெள்ளைச் சதுரம் தெரிந்தது. அது இன்னும் மோசம். அமிர்தநாதர் அவசரமாகப் படத்தைத் திரும்ப மாட்டினார்.

படத்தில் பனிமலை, மரக்குடில், வாசலில் இடுப்பில் கைவைத்தபடி அவர். அல்ப்ஸ் மலைக்குடில் ஒன்றுக்குத் தான் மனேஜர் என்று எழுதி அனுப்பிய அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கிளடிஸ் கலியாணத்துக்குச் சம்மதித்தாள். உண்மையில் அவர் சூரிச்சில் ஓர் உணவகத்தின் நிலக்கீழறையில் மூன்று வருடம் உருளைக்கிழங்கு உரித்தவர். மலையும் குடிலும் ஸ்ரூடியோத் திரைச்சீலை. அயர்லாந்தின் வெக்ஸ்போர்ட்டுக்கு வந்து ஒன்பது வருடமாகியும் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் முகம் வாடினால் அவருக்குத் தாங்காது.

இன்றைக்கு அவளுடைய சித்தி மகன் அகஸ்ரின் சுவிசிலிருந்து வந்திருக்கிறான். அவனுக்கு நிசமாகவே அப்படியொரு குடிலில் சமையல் வேலை.

"அத்தான், உங்கட குடிலுக்கு எப்பிடிப் போறது?"

"வாசலிலயே பஸ் நிக்கும் தம்பி."

அகஸ்ரின் கிளடிஸைப் பார்த்தான். "ஓம், நிக்கும்."

நிற்குமா? அமிர்தநாதருக்கே ஆச்சரியம். அதோடு கொஞ்சம் துணிவும் வந்தது.

"எத்தினை பேர் தங்கலாம்?" என்றான் அகஸ்ரின்.

"முந்நூறு பேர்."

"ஓம். இடம் காணும்."

"பின்பக்கம் நான் ஒரு வாழையும் வைச்சனான்."

"பனியிலயோ?" என்றாள் கிளடிஸ்.

"ஒரு குலை போட்டது."

அகஸ்ரின் தண்ணீர் குடித்தான். "இப்பவும் நிக்குது, அக்கா."

தவக்கால வெள்ளிக்கிழமை என்பதால் வீட்டில் இறைச்சி இல்லை. கிளடிஸ் நண்டுக் கறியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"வெள்ளிக்கிழமையில அங்க என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று அவரைக் கேட்டாள்.

"நண்டுதான்." அமிர்தநாதரின் வாயை இனி யாராலும் நிறுத்த முடியாது. "பனியைக் கிளறினா நண்டு. நானே பிடிச்சுக் காய்ச்சுவன்."

அகஸ்ரின் கையிலெடுத்த நண்டுக் காலைத் திரும்பக் கறிக்குள் வைத்தான். கிளடிஸ் சொதி எடுக்கிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டாள்.

அமிர்தநாதருக்கு வியர்த்தது. "ஏன் தம்பி, இப்ப அங்க நண்டு இல்லையோ?"

அகஸ்ரின் குரலைத் தாழ்த்தினான். "அத்தான், நீங்கள் என்ன சொன்னாலும் ஓமெண்டு சொல்லச் சொல்லி அக்கா ரெலிபோனில கெஞ்சினவ, பஸ்ஸுக்கும் சொன்னன், வாழைக்கும் சொன்னன், ஆனா நண்டுக்குச் சொல்ல ஏலாது, எங்கட ஐயா நெடுந்தீவுக் கடலில நண்டு பிடிச்சுத்தான் என்னை வளத்தவர்."