ஆர்லன் ஹாகன் சிரிப்படக்கிய படலம்

வாழ்க ஆர்லன் ஹாகன்! அமெரிக்காவின் அயோவாச் சோளக் காடுகளின் நடுவே அமைந்த வில்லோ பென்ட் என்னும் திருநகரின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அதிபதி, ஊரார் விழிகளைச் சாண் தொலைவில் நின்று உற்று நோக்கி "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்டுக் கேட்டே நாவறண்ட நற்குணக் குன்று, பேசாப் படங்களைப் பற்றிப் பேசுவதற்கென்றே பிறந்த பெருமகன், வாழ்க! வாயசைத்தும் ஒலியெழுப்பாத கறுப்பு வெள்ளைத் தெய்வங்களே, முகமெல்லாம் மாவப்பியோரே, மாடிப்படி முழுதும் உருண்டும் தொப்பி கழலாதோரே, இவ்வீரன் கதையைச் சொல்லி முடிக்கும் வரை எமக்குச் சிரிப்பு வாராமல் காத்தருள்வீராக!

இத்தகைய வீரனுக்கும் ஒரு குறை இருந்தது. அவன் பேச்சை அவ்வூரில் எவரும் முழுதாகக் கேட்டதில்லை. கடைக்கு வருவோர் கண்ணாடிக் காம்பு ஒடிந்த கதையைத் தாம் சொல்லுவார்களேயன்றி, அவன் கதைக்குக் காது கொடுப்பாரில்லை. ஒரு நகைச்சுவைக் காட்சி எங்ஙனம் அணு அணுவாகச் செதுக்கப்படுகிறது என்று அவன் வாய் திறந்தால், எதிரே இருப்பவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஊர் மொத்தத்தையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்துத் தன் நெஞ்சிலுள்ளதைக் கொட்டித் தீர்த்துவிட வேண்டும், ஒரே ஒரு முறை போதும் என்று அவன் ஏங்கினான். அந்த ஏக்கம் நிறைவேற ஒரேயொரு வழிதான் இருந்தது, அவ்வழியில் ஒரு பெண் நின்றாள்.

லுத்தரன் தேவாலயத்தின் நிலவறையில் மாதந்தோறும் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் பேசாப் பட அன்பர் கழகம் என்னும் பேரவை கூடும். பேரவை என்றால் மடக்கு நாற்காலிகளில் ஒரு டஜன் பேர், ஒரு பெரிய காப்பிக் கொதிகலன், எலுமிச்சை இனிப்புத் துண்டுகள் ஒரு தட்டு. அப்பேரவைக்கு ஒரு சட்டம் உண்டு. படம் முதன்முறை ஓடும்போது வயிறு வலிக்கச் சிரிக்கலாம்; இரண்டாம் முறை ஓடும்போது, அதாவது காட்சியைப் பிரித்து ஆராயும்போது, மூச்! சிரிப்பு எப்படிச் செய்யப்பட்டது என்று அறிய வந்த இடத்தில் சிரிப்பவன், சமையல் கற்கப் போன இடத்தில் சாப்பிட்டுவிட்டு எழுந்து வருகிறவனுக்கு ஒப்பாவான் என்பது அவர்கள் கொள்கை. உலகத்தில் வேறெங்கும் மனிதர் நகைச்சுவைப் படத்துக்கு முன் உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டு இப்படித் தவம் செய்வதில்லை.

மார்ச் மாதக் கூட்டம் மட்டும் போர்க்களம். இருவர் மோதுவர். ஒருவர் ரிமோட்டைக் கையிலேந்திக் காட்சியை விளக்க, மற்றவர் எதிரே அமர்ந்து கேட்க வேண்டும். விளக்குபவராயினும் கேட்பவராயினும் முதலில் சிரித்தவர் தோற்றவர். வென்றவர் ஏப்ரலில் கடைவீதிப் பழைய திரையரங்கில், ஊரே குழந்தை குட்டியோடு திரண்டு வரும் ஆண்டுத் திரையிடலில், படத்துக்கு முன் மேடையேறிப் பேசும் உரிமை பெறுவார். அவ்வுரிமை ஆண்டாண்டுக் காலமாக வின்னிஃப்ரெட் டட்டிலின் கைவிட்டுப் போனதில்லை.

யார் அந்த வின்னிஃப்ரெட்? ஊரின் ஒரே ஈமச்சடங்கு இல்லத்தின் தலைவி. ஆர்லனோடு ஒரே வகுப்பில் படித்தவள். சிரியாமையே குலத்தொழிலாகக் கொண்ட கருங்கல் வதனத்தாள். ஒரு சவ அடக்கத்தின்போது பிரசங்கியாரின் பல்செட்டு நழுவி மலர்வளையத்துள் விழ, துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் கைக்குட்டைக்குள் குலுங்கிய வேளையில், அவள் ஒருத்தியே உதடு கோணாமல் அதை எடுத்துத் துடைத்து உரியவரிடம் தந்தவள். அத்தகையாளைச் சிரிக்க வைப்பது ஆகிற காரியமா? ஆகவே ஆர்லனின் திட்டம் அவளைச் சிரிக்க வைப்பதன்று. தான் சிரியாமல் காட்சியின் கடைசிவரை போய்ச் சேர்ந்தால் போட்டி சமம், சமமானால் சீட்டுக் குலுக்கல், குலுக்கலில் விதி கண் திறக்கலாம் என்பதே அவன் கணக்கு.

ஆனால் கடைசிவரை போவதுதான் அவனால் இயலவில்லை. போட்டிக் காட்சி என்றும் ஒன்றே. மணமகன் ஒருவன் நான்கடுக்குக் கல்யாணக் கேக்கை ஏந்திக்கொண்டு, சுண்ணாம்புத் தொட்டியும் நாயும் ஏணியும் நிறைந்த ஒரு முற்றத்தைக் கடக்கிறான். முன்னே போகிறான், பின்னே வருகிறான், அத்தனை ஆபத்துக்கும் தப்பிக் கேக்கைப் பத்திரமாக ஒரு நாற்காலிமேல் வைக்கிறான். நெற்றி வியர்வையைத் துடைக்கிறான். அப்பாடா என்று அதே நாற்காலியில் உட்காருகிறான். அந்தப் பாவி வியர்வை துடைக்கக் கைக்குட்டையை உருவும்போதே ஆர்லனுக்கு அடிவயிற்றில் சிரிப்பு கிளம்பிவிடும். ஆண்டுதோறும் அதே இடத்தில்தான் நம் வீரன் வீழ்ந்தான்.

இவ்வாண்டு அவன் தன் தொழிலின் அறிவையே ஆயுதமாக்கினான். தன் கண்ணுக்குச் சற்றும் பொருந்தாத கண்ணாடியொன்றைத் தன் கையாலேயே செய்து மாட்டிக்கொண்டு வந்தான். அதன் வழியே பார்த்தால் மணமகன் ஒரு சாம்பல் மூட்டை, கேக்கு ஒரு வெள்ளை மூட்டை. மூட்டையைப் பார்த்து எவன் சிரிப்பான்? காட்சியோ அவனுக்கு மனப்பாடம். இந்தத் தந்திரத்தைச் சட்டம் தடுக்கவுமில்லை, கழகத்தில் எவரும் அறியவுமில்லை.

அதே கண்ணாடி மற்றொன்றையும் மறைத்தது. தேவாலயக் கூரையின் பனி மார்ச் வெயிலில் உருகி, நிலவறைக் கூரைக் குழாய் வழியே சொட்டுவது கண்டு, போதகரின் மனைவி லோயிஸ் அம்மையார் திரைக்கு முன்னால் ஒரு வாளியை வைத்திருந்தாள். வாளி விளிம்புவரை நிறைந்திருந்தது. ஆர்லனின் கண்ணுக்கு அது தரையோடு தரையாகக் கலந்துபோனது.

காப்பிக் கோப்பைகள் ஓய்ந்தன. கழகத் தலைவர் டேல் விளக்கணைத்தார். திரையொளியில் கருமேகக் கோட்டணிந்து, வலக்கையில் ரிமோட்டை உடைவாளெனத் தாங்கி எழுந்தான் ஆர்லன். எதிரே முதல் வரிசையில், மடிமேல் கைகோத்து, எவருக்கோ இரங்கல் சொல்லப் போகிறவள்போல் வீற்றிருந்தாள் வின்னிஃப்ரெட்.

அவன் விடுத்த முதற்கணை வைட் ஷாட். படம்பிடித்தவன் மணமகன் முகத்துக்கு அருகே போகவேயில்லை. உச்சி முதல் பாதம் வரை ஆளும், அவன் பின்னே தொட்டியும் ஒன்றாகத் தெரியும்படித் தள்ளி நின்றே பிடித்தான், அத்தள்ளி நிற்றலே இக்காட்சியின் உயிர் என்று முழங்கிய ஆர்லன், அதை மெய்ப்பித்துக் காட்டும் பொருட்டு, இல்லாத கேக்கை இரு கரத்தில் ஏந்தித் திரையிலிருந்த மணமகனோடு ஒருசேரப் பின்னோக்கி நடக்கலானான்.

"ஆபத்தும் ஆளும் ஒரே ஃபிரேமுக்குள்ள இருக்கணும். பாக்கிற நமக்குத் தெரியணும், அவனுக்கு மட்டும் தெரியக் கூடாது. அதான் விஷயமே" என்றான். அப்போது அவன் குதிகாலுக்கும் வாளிக்கும் இடையே ஒரு விரல்கடை இருந்தது.

பேரவை பதறிற்று. எச்சரிக்கலாமென்றால், விளக்குபவரை இடைமறிப்பது கழகத்தில் மரியாதைக் குறைவு. அவ்வூர் மக்களோ மரியாதைக்காகத் தீப்பிடித்த வீட்டுக்குள்ளும் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுபவர்கள். லோயிஸ் அம்மையார் எலுமிச்சைத் துண்டை முழுதாக வாய்க்குள் திணித்துக்கொண்டாள். டேல் தம் கழுத்துத் துணியைக் கடித்தார். ஆர்லன் ரிமோட்டை அழுத்தினான். திரையில் மணமகன் தொட்டியை விட்டு முன்னே ஓடி வந்தான். கூடவே ஆர்லனும் முன்னே வந்தான். பேரவை மூச்சு விட்டது. காட்சி மறுபடி ஓடிற்று. இருவரும் மறுபடி பின்னே போனார்கள்.

இரண்டாங்கணை வேகம். அந்நாளில் படக்கருவியைக் கையால் சுழற்றினார்கள். மெதுவாகச் சுழற்றிப் பிடித்ததை வழக்கமான வேகத்தில் ஓட்டினால் திரையில் ஆட்கள் பறப்பார்கள். முற்றம் முழுதும் மணமகனைப் பறக்கவிட்ட அந்தக் கை, கேக்கு நாற்காலியில் அமரும் கணத்தில் இயல்பு வேகத்துக்கு மாறுகிறது. அவன் பரபரப்பு அடங்க, நம் பரபரப்பும் அடங்க, நாம் ஏமாறுகிறோம். இதைச் சொல்லும்போது ஆர்லனின் குரல் தழுதழுத்தது. பேர் தெரியாத எவனோ ஒருவன் கைப்பிடியைச் சுழற்றியவாறே இதை நினைத்துச் செய்திருக்கிறானே என்று அவன் உண்மையாகவே நெகிழ்ந்தான். அந்தத் தழுதழுப்போடு அவன் வாளியின் இடப்புறமாகப் போய் வலப்புறமாக வந்தான். கோட்டு நுனி நீரில் தோய்ந்து எழுந்தது.

மூன்றாங்கணை, இறுதிக்கணை, எவராலும் தாங்கவொண்ணாக் கொடுங்கணை. இந்தக் காட்சியில் வெட்டு இல்லை என்பது! நடுவில் ஒரு கட் விழுந்திருந்தால், கேக்கை மாற்றியிருப்பார்கள், ஆளை மாற்றியிருப்பார்கள் என்று நம் மனம் சந்தேகப்பட்டிருக்கும். கண்ணெதிரே ஒரே ஓட்டத்தில் நடப்பதனால்தான் நம்புகிறோம் என்று ஆர்லன் கர்ஜித்தான். கர்ஜித்தவன் வலக்காலைப் பின்னே தூக்கினான். அதே கணம் திரையில் மணமகனும் வலக்காலைத் தொட்டிமேல் தூக்கினான். ஆர்லனின் பாதம் வாளிக்கு நேர்மேலே அந்தரத்தில் நின்றது.

"இங்க கட் கெடையாது!" என்று அறிவித்து, நெடுநேரம் அப்படியே நின்று, பிறகு காலை வாளிக்கு அப்பால் மெத்தென வைத்தான். ஒரு துளி சிந்தவில்லை.

பேரவையினர் கண்டது ஆர்லனையும் ஒரு வாளியையும். வின்னிஃப்ரெட் ஒருத்தியே கண்டாள் முழுக் காட்சியையும். தள்ளி நின்ற பார்வை, ஒரே ஃபிரேமுக்குள் ஆளும் ஆபத்தும், வெட்டில்லா ஓட்டம், பின்னணியில் அவனைப் போலவே ஒருவன். இத்தனை காலம் அவள் படங்களில் தேடித் தேடிப் பயின்றதெல்லாம் தேவாலய நிலவறையில் உயிரோடு நடந்துகொண்டிருந்தது. அவள் கல்வியே அவளைக் கவிழ்த்தது. முதலில் மூக்கு வழியே மெல்லியதோர் ஊதல் எழுந்தது. பின் தோள் குலுங்கிற்று. பின், எண்ணற்ற ஈமச்சடங்குகளில் அடக்கி வைத்த சிரிப்பு மொத்தமும், பிரசங்கியாரின் பல்செட்டுக்கு உரியதும் சேர்த்து, அணையுடைந்து புறப்பட, மடக்கு நாற்காலி அவளோடு மடங்கிக்கொள்ள, அவள் தரையில் அமர்ந்தபடியே சிரித்தாள்.

ஆர்லன் திகைத்தான். "என்ன வின்னி, நான் இன்னும் க்ளோசப்புக்கே வரலையே" என்றான்.

"வேண்டாம்டா ஆர்லன்... என்னால முடியல. நீயே பேசு தியேட்டர்ல. தயவு பண்ணி இதுக்கு மேல ஒண்ணும் வெளக்காத" என்று அவள் கண்ணைத் துடைத்தாள். பேரவையே அதன்பின் சிரித்து ஓய்ந்தது.

தன் ஆராய்ச்சியின் வலிமைதான் கல்லை உருக்கியதென்று நம் வீரன் கொண்டான். லோயிஸ் அம்மையார் எலுமிச்சைத் துண்டை ஒருவாறு விழுங்கிவிட்டு, ஆர்லனிடம் வாளியைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று டேலின் காதோடு கேட்டாள்.

"எதுக்கு? மனுஷன் இன்னைக்குத்தான் சந்தோஷமா இருக்காரு. வாளிய மெள்ள நகத்துங்க, போதும்" என்றார் டேல்.

வந்தது ஏப்ரல்! நிறைந்தது திரையரங்கம்! சோளப்பொரிப் பொட்டலமேந்திய சிறார் படையும், கைக்குழந்தை தாங்கிய தாயர் படையும், தொப்பி கழற்றிய உழவர் படையும் இருக்கை தோறும் பொங்கி வழிய, ஆர்கன் என்னும் இசைப்பெட்டியின் முன் மேடைக்கு முதுகு காட்டி அமர்ந்த அம்மையார் எவர் ஏறுகிறார் என்று திரும்பிப் பாராமல், ஒரு கணமும் நிறுத்தாமல் கட்டையெல்லாம் அதிரக் கல்யாண மெட்டு வாசித்துக்கொண்டிருக்க, கூட்டத்தைக் கண்டு மிரளாதிருக்கும் பொருட்டு அதே வெற்றிக் கண்ணாடியை அணிந்து, ஆயுளெல்லாம் காத்திருந்த அந்த மேடையில் ஏறினான் ஆர்லன் ஹாகன். மைக்கின் முன் நின்றான், வாய் திறந்தான், வைட் ஷாட்டின் மாண்பை இரு கைகளையும் அகல விரித்து உரைத்தான், அரங்கம் சிரித்தது, கைப்பிடி சுழற்றிய பேர் தெரியாதவனின் மேதைமையைக் கையைச் சுழற்றிச் சுழற்றி உரைத்தான், சிறார் இருக்கைமேல் ஏறி நின்று சிரித்தனர், நகைச்சுவையல்லாத இடத்திலும் சிரிக்கிறார்களே, இத்தனை நுட்பமான ரசிகர்களையா இவ்வளவு நாள் குறைத்து எண்ணினேன் என்று உள்ளம் பூரித்து, முதல் வரிசையில் எழுந்து நின்று கையாட்டி ஆட்டித் தன் வாயைச் சுட்டிக்காட்டும் மங்கலான உருவம் வின்னிஃப்ரெட்டே என்று தெரிந்து, தோற்றவளும் வாழ்த்துகிறாளே என்று கண் கலங்கி, வெட்டில்லா ஓட்டத்தின் தத்துவத்தை வலக்காலைத் தூக்கி நின்று நிறைவு செய்தபோது, வில்லோ பென்ட் அதுவரை எவருக்கும் தட்டியிராத அளவுக்குக் கை தட்டிற்று, அவனும் தன் பேச்சை ஊர் முழுதும் ஒருசொல் விடாமல் கேட்டுவிட்டதென்ற நிறைவோடு நெஞ்சில் கை வைத்து, தலை தாழ்த்தி, மும்முறை வணங்கினான்.

மைக்கை யாரும் ஆன் செய்யவே இல்லை.