இட்லிக்கு வாய்க்கட்டு

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ராஜபாளையத்து ஓட்டல் ஒன்றின் வாசலில் கார்கள் வரிசை கட்டி நின்றால், ஏதோ மில் முதலாளி வீட்டுக் கல்யாணம் என்று நினைத்துவிடாதீர்கள். வாக்கு சித்தர் பொன்னுராஜ் வந்திருக்கிறார்! ஊமையையும் பேச வைப்பவர் என்று பேனர் சொல்கிறது. பேனர் பொய் சொல்லுமா?

மாடியில் தொழிலதிபர்களின் வாராந்தரக் கூட்டம். இட்லி சாப்பிட வேண்டும். ஆளுக்கு ஒரு நிமிடம் எழுந்து நின்று தன் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும். விசிட்டிங் கார்டு கொடுத்து ஆர்டர் பிடிக்க வேண்டும். நூறு தொழிலாளிகளை ஒரே அதட்டலில் அடக்குகிற முதலாளிக்கும் அந்த ஒரு நிமிடம் வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பயம் ஐயா, வெறும் பயம். ஆனால் பயம் என்று சொன்னால் கௌரவம் என்னாவது? சித்தர் அதற்கு வாய்க்கட்டு என்று பெயர் வைத்தார். போட்டிக்காரன் செய்வினை செய்து உங்கள் நாக்கைக் கட்டிவிட்டானாம். குறை உங்களிடம் இல்லை என்று சொல்பவனை யாருக்குத்தான் பிடிக்காது?

கட்டைக் கண்டுபிடிப்பது ஒரு கிளி. நிஜக் கிளி இல்லை, வனத்துறை பிடித்துக்கொள்ளும். மெல்லிய சிவப்புத் தாளில் வெட்டிய கிளி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையில் இருக்கும் கிளியின் வம்சமாம். வாய்க்கட்டு உள்ளவர் உள்ளங்கையில் வைத்தால் கிளி தானாக நெளிந்து சுருளும். உடனே கட்டணம், மந்திரம், உள்ளங்கை நிறைய விபூதி. மறுபடி வைத்தால் கிளி அசையாமல் படுத்திருக்கும். கட்டு அவிழ்ந்தது! அடுத்த புதன்கிழமை அதே கையில் மறுபடி சுருளும். போட்டிக்காரன் திரும்பவும் கட்டிவிட்டானாம். சோம்பலே இல்லாத போட்டிக்காரன்.

தளவாய்புரத்தில் நைட்டி தைத்து விற்கிற அனுசியாவின் கையில் கிளி சுருண்டதோடு நிற்கவில்லை, உருண்டே போனது.

"ஏழு கட்டு தாயி!" என்றார் சித்தர். "ஒரு மண்டலத்துக்குக் கூட்டத்துல வாயத் தொறக்கப்பிடாது. மீறிப் பேசுனா தொழிலு நாசம்."

அடுத்த புதன்கிழமைதான் கொல்லத்திலிருந்து ஒரு மொத்த வியாபாரி கூட்டத்துக்கு வருவதாக இருந்தது. அவருடைய ஆர்டர் கிடைக்காவிட்டால், தன்னிடம் தைக்கும் எட்டுப் பெண்களையும் இனி வர வேண்டாம் என்று அனுசியா சொல்லியாக வேண்டும். பேசினால் நாசம், பேசாவிட்டால் பட்டினி. பாவம், மூன்று நாள் அவள் கண்ணை மூடவில்லை. கடைசியில் துணைக்குத் தன் சிநேகிதி பியூலாவை அழைத்துக்கொண்டு போனாள். பியூலா ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைகளுக்குப் பெட்டியும் தாளும் சப்ளை செய்பவள்.

அந்தக் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாற்பது பேரில் முப்பத்தாறு பேர் கையிலும் அதற்குள் கிளி உருண்டிருந்தது; அத்தனை பேருக்கும் மௌன விரதம்! தொழில் பேசக் கூடிய கூட்டத்தில் சாம்பாரை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. சங்கத் தலைவர் ராஜரத்தினம் பேண்டேஜ் துணி ஆலை வைத்திருப்பவர். அவர் எழுந்து தன் கைக்குத் தானே துண்டைச் சுற்றிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். போர்வெல் போடுகிறவர் விரலால் தரையைக் குத்தி, உதட்டைத் திறக்காமல் "கிர்ர்" என்றார். அது பேச்சில் சேருமா என்று பயந்து சித்தரைப் பார்த்தார். சேராதாம்.

கொல்லத்துக்காரர் சுற்றிலும் பார்த்துவிட்டுப் பரிமாறுகிறவரிடம் மெதுவாகக் கேட்டார். "இங்க யாராச்சும் மரிச்சுப் போயோ?"

அனுசியாவின் முறை வந்தது. நைட்டியைத் தூக்கிப் பிடித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு அதை அப்படியே மடித்துவிட்டாள். விற்க விருப்பமில்லை போலும் என்று நினைத்து கொல்லத்துக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

அன்றும் சோதித்துவிட்டுச் சித்தர் அனுசியாவின் தட்டருகே போட்டிருந்த கிளியைப் பியூலா எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"ஏட்டி, இது நம்ம கண்ணாடித்தாளுல்லா! மழைக்காலத்துல ஈரம் பட்டுச் சுருண்டு, இதோட நான் எம்புட்டுப் பாடு படுதேன்!"

சொல்லிக்கொண்டே கிளியை ஆவி பறக்கும் இட்லியின் மேல் வைத்தாள். கிளி தலையைத் தூக்கியது, வாலைத் தூக்கியது, சுருண்டது.

"சித்தரே, இட்லிக்கும் வாய்க்கட்டு இருக்கு. கட்டுனது யாரு, தோசையா?"

"மாவாட்டுனவனுக்குத் தோஷம்!" என்றார் சித்தர்.

விரதத்தை மறந்து ராஜரத்தினம் கத்தினார். "ஏலே, அந்த மாஸ்டரக் கூப்பிடுங்கலே!" படித்தவர் ஐயா, பட்டதாரி!

பியூலா சிரிக்கவில்லை. அனுசியாவின் கையைத் துண்டால் அழுத்தித் துடைத்து, சற்று நேரம் மின்விசிறிக்குக் கீழே பிடித்து, சித்தரின் பையிலிருந்து புதுக் கிளி ஒன்றை எடுத்து வைத்தாள். மந்திரமும் இல்லை, கட்டணமும் இல்லை. கிளி பேசாமல் படுத்துக் கிடந்தது.

"இப்ப ஒங்க கையக் காட்டுங்க. விபூதியத் தொடைச்சிட்டு."

சித்தர் கையைப் பின்னால் மறைத்தார். "காட்டும் சாமி" என்று தலைவரே இழுத்துத் துடைத்துவிட்டார். வேர்த்துக் கொட்டிய அந்தக் கையில் கிளி பீடி மாதிரிச் சுருண்டது.

"பயந்தா கை வேர்க்கும். வேர்த்தா தாளு சுருளும். விபூதி அள்ளிப் பூசுனா ஈரம் காஞ்சிரும், தாளு படுத்துக்கிடும். அம்புட்டுத்தான் அண்ணாச்சி" என்றாள் பியூலா.

அப்போதுதான் அனுசியாவுக்குக் கோபம் வந்தது. மூன்று நாள் தூங்காத கோபம்.

"ஏலே, நாசமாப் போறவனே! எட்டுப் பொம்பளைக சோத்துல மண்ணள்ளிப் போடப் பாத்தியே! எங்க நைட்டி அம்பது தடவ தொவச்சாலும் சாயம் போவாதுலே! எல்லாம் ரெட்டைத் தையலு! பட்டன் பிஞ்சா மறுபீஸ் குடுக்கேன்! அதச் சொல்லவிடாம வாய அடைச்சியே, நீ வெளங்குவியா?"

கையிலிருந்து வேர்வை சொட்டியது. ஆனாலும் ஒரு நிமிடத்துக்கு மேலேயே பேசிவிட்டாள்.

கொல்லத்துக்காரர் பையைக் கீழே வைத்தார். "மறுபீஸ் உண்டோ? பாக்கெட் உண்டோ?"

"ரெண்டு பக்கமும் உண்டு!" என்று அவரிடமும் அதே கோபத்தில் கத்தினாள். ஆயிரம் உருப்படிக்கு ஆர்டர் கிடைத்தது. இந்தச் சந்தடியில் சித்தர் அடுக்களை வழியாக இறங்கிப் போய்விட்டார். போட்டிக்காரன் யாரும் அவரைக் கட்டி நிறுத்தவில்லை.

தொழிலதிபர்களே, ஏமாந்தது பெரிய குற்றமில்லை. ஆனால் இந்தப் பித்தலாட்டத்தை உடைக்க ஒரே ஓர் இட்லி போதுமாக இருந்தது. அது ஒவ்வொரு புதன்கிழமையும் உங்கள் நாற்பது பேர் தட்டிலும்தான் இருந்தது. தின்றீர்களே தவிர, ஒருவராவது கேட்டீர்களா? இனிமேலாவது முதலில் கேளுங்கள். இட்லி ஆறிப்போனால் போகட்டும்.