மலர்ச்சித்தர் தீர்த்தமும் ராணியம்மாள் கருவாடும்

கச்சிராயபாளையத்தில் ஒரு செண்டுமல்லிப் பூவுக்குள் வெள்ளாடு ஒன்று மத்தியானம் முழுக்கப் படுத்துத் தூங்கியது. சொன்னவர் தோட்டக்காரர் மாயவன். ஆடு சாட்சிக்கு வரவில்லை.

எல்லாம் மலர்ச்சித்தர் தீர்த்தத்தின் மகிமை. கல்வராயன் மலைக் குகையில் நாற்பது வருஷம் தவமிருந்து இறங்கியவராம். வயது முப்பத்திரண்டு. கூட்டிக் கழித்துப் பார்ப்பது பாவம் என்பதால் யாரும் பார்க்கவில்லை. விதைக்குப் பூ வளர்க்கிறவர்கள் தியாகதுருகத்திலிருந்துகூட வேன் பிடித்து வந்தார்கள். வரிசை சின்னசேலம் வரைக்கும் நின்றது. நீங்கள் பாதி நம்பினால் போதும். தீர்த்தத்தை விரதமிருந்து, வெறுங்காலோடு, மந்திரம் சொல்லித் தெளிக்க வேண்டும்.

முதல் மாதம் பூ பெருக்கத்தான் செய்தது. கூட்டம் ஜாஸ்தியாக ஆக, சித்தர் குடத்தில் தண்ணீரும் ஜாஸ்தியானது. பூ சிறுத்தது. சித்தர் கண்ணை மூடினார், காரணம் தெரிந்துவிட்டது: தாலி அறுத்தவள் கை செடியில் படுகிறது.

அந்தக் கை ராணியம்மாளுடையது. மாயவன் தோட்டத்தில் பத்து வருஷம் பூப் பறித்த கை. அதைத் தவிர அவளுக்கு வேறு பிழைப்பில்லை.

"தப்பா நெனைக்காத ராணி. பூ கோச்சிக்குது" என்று நிறுத்திவிட்டார் மாயவன்.

"எப்பங்க உங்ககிட்ட சொல்லுச்சு?"

ராணியம்மாள் அழவில்லை, யோசித்தாள். அந்த ஊரில் அப்போது அது அபூர்வமான வியாதி. சுள்ளி பொறுக்கும்போது சித்தர் குடிசைக்குப் பின்னால் மலையாகக் குவிந்து கிடந்த காலிப் பொட்டலங்கள் ஞாபகம் வந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு சின்னசேலம் உரக்கடைக்குப் போனாள்.

கடைக்காரர் சிரித்தார். அது ஜிப்ரலிக் அமிலமாம், செடிக்கு வளர்ச்சி ஊக்கி. அளவாக அடித்தால் பூவும் விதையும் பெருகும். முன்பு அதே கடையில் பொட்டலம் மடித்த சரத்குமார்தான் இப்போது பெட்டி பெட்டியாக வாங்கிப் போகிறானாம். தாடி வைத்திருக்கிறானாம்.

அவள் வீட்டுப் பின்னால் இரண்டு வரிசைச் செண்டுமல்லி உண்டு. என் கை படக்கூடாதே என்று மாயவனையே கூப்பிட்டு, ஒரு வரிசைக்குத் தீர்த்தம் தெளிக்கச் சொன்னாள். பட்டினியும் வெறுங்காலுமாக வந்து, அவர் மந்திரத்தை மூன்று தடவை சொல்லித் தெளித்தார். அவர் போனதும், கருவாட்டுக் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு, கடை மருந்தை அடுத்த வரிசைக்கு அவளே அடித்தாள்.

ஒரு மாதத்தில் 'ராணியம்மா வூட்டுல பூ குலுங்குது' என்று ஊரெல்லாம் பேச்சு. சித்தர் விடுவாரா? எல்லாம் தன் தீர்த்தம்தான் என்று சபையைக் கூட்டி அவளை முன்னால் நிறுத்தினார்.

"சந்தேகப்பட்டவளே சொல்லட்டும். பூத்துச்சா, இல்லியா?"

"மாயவன் அண்ணன் விரதமிருந்து தெளிச்சது அப்படியே குச்சியா நிக்குதுங்க. நான் கருவாடு தின்னுட்டு, இந்தக் கையாலயே அடிச்சது குலுங்குது." பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினாள். "இவர் குடத்துல கலக்கறது இதான். சின்னசேலத்துல கேட்டா யாருக்கும் குடுப்பாங்க. செடிக்குக் காது இல்லீங்க, மந்திரம் கேக்காது. நமக்கு ரெண்டு காது இருக்குது. நடுவுல இருந்தத மட்டும் இவர்கிட்ட குடுத்துட்டு நிக்கறோம்."

கூட்டம் மாயவனைப் பார்த்தது. மாயவன் தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு வேலைக்கு வந்துடு ராணி" என்றார்.

சித்தர் தாடியைச் சொறிந்தார். "அப்போ மந்திரத்துக்குப் பலனே இல்லன்றியா?"

"சேச்சே, ஒத்துக்கறேன் சாமி. மருந்து அடிக்கசொல்ல உங்களத் திட்டிக்கினேதான் அடிச்சேன். நல்லாவே பூத்துச்சு."